இரட்டையரில் ஒருத்திக்கு மட்டும்

நானும் என் அக்காவும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அவள் கால் மணி நேரம் முன்னால் பிறந்துவிட்டாள். அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் வாழ்நாள் முழுக்க அவளை ‘அக்கா’ என்று கூப்பிட வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். ஒரே மூக்கு, ஒரே பல்வரிசை, சிரித்தால் ஒரே கன்னத்தில் குழி. தெருவில் போகிறவர்கள் நிறுத்தி, “நீ பெரியவளா சின்னவளா?” என்று கேட்பார்கள். பதில் சொன்னாலும் நம்பாத மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

வீடு சங்கராபுரத்தில். அப்பா மின்சார வாரியத்தில் வயர்மேன். அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை, மத்தியானம் கறிக்குழம்பு, சாயங்காலம் துணி மடிப்பது என்று எல்லா வீடுகளையும் போன்ற வீடுதான்.

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் அக்காவுக்கு மனச்சோர்வு நோய் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் அவளுக்கு வந்தது, ஏன் எனக்கு வரவில்லை என்று கண்டுபிடிக்க எங்கள் குடும்பம் பட்ட பாட்டையும், அந்தச் சாக்கில் என்னைப் படுத்திய பாட்டையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வருகிறது. வருத்தம் அதற்கப்புறம்தான்.

முதலில் அது வயிற்றுவலியாக வந்தது. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகு தலைவலி. கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள். போட்டும் சரியாகவில்லை. பிறகு வலி என்று சொல்வதையும் விட்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குளிப்பது குறைந்தது. தலை சிக்குப் பிடித்தது. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால், இரண்டு வாய் தின்றுவிட்டு அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதைத் தேடி எடுத்துக் கழுவுவது என் வேலை. வீடு கூட்டுவது, தண்ணீர் பிடிப்பது என்று அவள் பங்கு வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. நான் அவளைச் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். அதைச் சத்தமாகவும் சொன்னேன்.

அம்மா “வயசுக் கோளாறு” என்றாள். அப்பா “எல்லாம் இந்த போன்தான்” என்று போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டினார். அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான போன். எனக்கு என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் என் போனும் போயிற்று. நைனார்பாளையத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. “ரெட்டப் புள்ளைங்க, கண்ணு பட்டுட்டிருக்கும்” என்று சொல்லி, எங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஜெபம் செய்தாள். எனக்கும் ஏன் என்று கேட்டதற்கு, “உனுக்கும் வந்துடக் கூடாதுல்ல?” என்றாள்.

அதிலும் மோசம் ஒன்று உண்டு. யார் வந்தாலும் என்னைக் காட்டி அவளிடம் பேசினார்கள். “அதே மூஞ்சிதான அவளுக்கும்? அவ சிரிச்சிக்கினு இல்ல? உனுக்கு மட்டும் இன்னா?” என்று அம்மாவே கேட்பாள். அப்போதெல்லாம் அக்கா என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, நான் ஏதோ அவளிடமிருந்து திருடிக்கொண்டு போனவள் மாதிரி இருக்கும். நான் என்ன செய்ய? வீட்டுக்குள் சிரிப்பதை நிறுத்திப் பார்த்தேன். உடனே அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “உனுக்கும் ஏதாச்சும் பண்ணுதாடி?” என்றாள்.

அரையாண்டுத் தேர்வில் அக்கா கேள்வித்தாளை வாங்கி வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பு ஆசிரியை அம்மாவை வரச்சொல்லி, “அடிக்காதீங்க, திட்டாதீங்க. மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றார். அம்மா அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டாள். எங்கள் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். அவள்தான் போனில் சத்தம் போட்டு, சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு வரும் ஒரு பெண் மருத்துவரின் விவரம் சொன்னாள். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேரும் கிளம்பினோம். என்னை எதற்கு என்றேன். “ரெண்டு பேரையும் பாத்துடட்டும்” என்றார் அப்பா, ஏதோ ஒரு வண்டிக்கு இரண்டு டயரையும் சேர்த்து மாற்றுவது மாதிரி.

மருத்துவர் முதலில் அக்காவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார். அக்காவுக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய், சோம்பலோ திமிரோ இல்லை, மாத்திரை சாப்பிட வேண்டும், வாரா வாரம் வந்து பேச வேண்டும், கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடாதீர்கள், மாத்திரையைப் பெரியவர்களே வைத்திருந்து வேளைக்கு எடுத்துக் கொடுங்கள் என்றார். அந்தக் கடைசி இரண்டு எச்சரிக்கைகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் இருந்த டெஸ்டரை எடுத்து எடுத்துத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

அம்மாதான் கேட்டாள். “டாக்டரம்மா, ரெண்டு பேரும் ஒரே வவுத்துல, ஒரே நேரத்துல பொறந்தவங்க. ஒரே மாதிரி மரபணுன்னு அப்பவே சொன்னாங்க. பின்ன இவளுக்கு மட்டும் ஏன்?”

மருத்துவர் சிரிக்காமல் பதில் சொன்னார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தக்கபடி சொன்னார். “ரெண்டு வீட்டுக்கு ஒரே மாதிரி வயரிங் பண்ணியிருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. ஆனா எந்த ரூம்ல லைட் எரியுது, எது அணைஞ்சிருக்குங்கறது ரெண்டு வீட்லயும் வேற வேறயா இருக்கும் இல்லீங்களா? மரபணுவும் அப்படித்தான். அது மாறாது. அது மேல ஒட்டற சில ரசாயனக் குறிங்க மட்டும் மாறும். சில மரபணுவ வேல செய்ய வைக்கும், சிலத அடக்கி வைக்கும். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், சின்ன வயசுல பட்ட பயம், பிரிவு, அடி, இதெல்லாம் அந்தக் குறிங்கள மாத்தலாம். எபிஜெனடிக்ஸ்னு சொல்லுவாங்க. ஆனா இத நல்லாக் கேட்டுக்குங்க. ஒரு பொண்ண முன்னாடி உக்கார வெச்சு, இவளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு சொல்ற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.”

எங்கள் வீட்டார் இந்தப் பேச்சின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் பாதி அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

“சின்ன வயசுல ஏதாவது பெரிய கஷ்டம், பிரிஞ்சி இருந்தது, அப்படி ஏதாவது உண்டா?” என்று மருத்துவர் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பேரையும் ஒண்ணாதான் வளத்தோம்” என்றாள் அம்மா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், “இல்லீங்க டாக்டர். அக்கா ரெண்டு வருஷம் மலையில எங்க சித்தி வூட்ல இருந்தா” என்று சொல்லிவிட்டேன்.

உண்மை அதுதான். எங்களுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா கரண்ட் போஸ்ட்டிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். அம்மாவால் அங்கும் இங்கும் ஓட முடியவில்லை. சித்திக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு முடியாது என்றாள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி அழுதேன். அக்கா அழவில்லை. அவள் எதையும் தின்பாள், எங்கேயும் தூங்குவாள், சமத்து. ஆகவே சமத்தை மலைக்கு அனுப்பினார்கள். அப்பா எழுந்து நடமாடி வேலைக்குத் திரும்பிய பிறகும், இந்த வருடம் முடியட்டும், பள்ளிக்கூடம் திறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள்.

அம்மா அன்றைக்கு வீடு திரும்பும் பேருந்தில் என்னோடு பேசவில்லை. அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவருக்கு நோய் திடீரென்று புரிகிற பொருளாகிவிட்டது. “வயரிங்ல தப்பில்ல. சுவிட்சுதான். எந்த சுவிட்சுன்னு தெரிஞ்சிட்டா போதும், ஆஃப் பண்ணிடலாம்” என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத பெரியவரிடம்கூட விளக்கினார். அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் பேருந்திலிருந்து குதித்துவிடலாம் போல் இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. சென்னையிலிருந்து மாமா அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கர்ப்பிணி கவலைப்பட்டால் அந்தக் கவலை பிள்ளையின் மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் என்று அதில் யாரோ பேசினார்கள். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாங்கள் வயிற்றில் இருந்தபோது, அத்தை ஒரு பொங்கலுக்கு அவளை எல்லார் எதிரிலும் அவமானப்படுத்தினாளாம். அந்தக் கவலைதான் ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினாள். “ரெண்டு பேரும்தான வவுத்துல இருந்தோம்? எனக்கு ஒட்டலயா?” என்று கேட்டேன். “நீ கீழ இருந்தியோ இன்னவோ” என்றாள்.

செய்தி அத்தைக்கு எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். “நான் இன்னா பண்ணேன்? பெத்த புள்ளய மலையில கொண்டுபோய் வுட்டது நீ. அப்பவே சொன்னேன், நைனார்பாளையத்துல வுடு, நான் பாத்துக்கிறேன்னு. கேட்டியா?” என்றாள். அவள் அப்படிச் சொல்லவேயில்லை என்று அம்மா சத்தியம் செய்தாள். அம்மா ஏற்கெனவே சித்தியையும் வரச்சொல்லி இருந்தாள். சித்தி மலையிலிருந்து முதல் பேருந்தில் கிளம்பி, ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வியர்க்க வியர்க்க வந்து நின்றாள்.

“என் வூட்ல புள்ளைக்கு இன்னா கொற வெச்சேன்? ராத்திரி டெலிவரி கேஸ்னு கூப்டாக்கூட அவள தூக்கிக்கினு போனேன். இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து என் தலையில கட்றீங்களா?” என்று சித்தி கேட்டாள்.

“உன்ன யாரு சொன்னா? ஏதாச்சும் பயந்து கியந்து போயிருந்தாளான்னு கேட்டேன், அவ்ளோதான்” என்றாள் அம்மா.

“பயந்தது நீங்க. கூட்டிக்கினு போறேன் கூட்டிக்கினு போறேன்னு ரெண்டு வருஷம் ஓட்டுனது நீங்க.”

“பேசாம இருங்க எல்லாரும்,” என்றார் அப்பா. “சுவிட்சு எப்ப ஆன் ஆச்சுன்னு தெரிஞ்சாதான...”

“உன் சுவிட்சுல இடி வுழ” என்றாள் அத்தை.

இவர்கள் கத்துவது உள்ளே கேட்கும் என்று நான் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை. கேட்டுத்தான் இருந்தது. அக்கா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கசங்கிய நைட்டி. மூன்று நாளாக வாராத தலை.

“மலையில நான் நல்லாதான் இருந்தேன்,” என்றாள். குரல் தேய்ந்து வந்தது. “இங்க திரும்பி வந்தப்போதான் எனக்கு யாரையும் தெரியல. இவ உங்க மடியில உக்காந்துக்கினு இருந்தா. எனுக்கு எங்க உக்கார்றதுன்னு தெரியல. அதான் காரணமான்னு கேட்டா, அதுவும் தெரியல. எனுக்கே தெரியாதத நீங்க எப்படி முடிவு பண்றீங்க?”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்கேருந்து வந்துச்சுன்னு அப்புறம் பாத்துக்கலாம்,” என்றாள் அக்கா. “இப்ப எனுக்குப் பசிக்குது. யாராச்சும் ஒரு தோச ஊத்தித் தாங்க.”

அவள் வாயால் பசி என்று சொல்லி மாதக்கணக்காகி இருந்தது. அம்மா, அத்தை, சித்தி மூன்று பேரும் அடுப்பங்கரைக்கு ஓடினார்கள். ஒரே தோசைக்கல்லுக்கு மூன்று பேர். “மெல்லிசா ஊத்து,” “எண்ண ஜாஸ்தி,” “தள்ளு நான் ஊத்தறேன்” என்று அங்கே ஒரு சண்டை. முதல் தோசை கிழிந்தது, இரண்டாவது கருகியது. அக்கா ஒன்றரைத் தோசை சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கே அத்தை முழந்தாளிட்டு நன்றி ஜெபம் சொன்னாள்.

இதெல்லாம் வீட்டோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் மிஸ் இரட்டையர் பற்றிப் பாடம் நடத்தும்போது என்னை எழுப்பி நிற்க வைத்தார். “இவங்க ரெண்டு பேரும் ஒத்த இரட்டையர். ஒரே மரபணு. ஒருத்தருக்கு ஒரு நோய் வந்தா இன்னொருத்தருக்கும் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஜாஸ்தி” என்று சொல்லி, என் பக்கத்தில் காலியாக இருந்த அக்காவின் இடத்தைக் கையால் காட்டினார். பாடம் சரிதான். மிஸ் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதும் தெரியும். ஆனால் வகுப்பு முழுக்கத் திரும்பி என் முகத்தில் எதையோ தேடியது. அன்றிலிருந்து நான் டிபன் பாக்ஸில் சோறு மிச்சம் வைத்தால்கூட, “ஏய், நீ ஓகேதான?” என்று யாராவது கேட்பார்கள்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலையில் எழ மனமில்லாமல் கிடந்தால் இது தூக்கமா அதுவா என்று யோசிப்பேன். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, மற்றவர்கள் வெளியே போனதும் பின்தங்கி நின்று, “எனக்கும் வருமா டாக்டர்?” என்று கேட்டேன்.

“வர்றதுக்கு வாய்ப்பு மத்தவங்கள விடக் கொஞ்சம் ஜாஸ்திதான். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா வந்துதான் ஆகணும்னு இல்ல. வந்தா என்கிட்ட வா. அது வரைக்கும் உன் வேலையப் பாரு” என்றார். இவ்வளவு பேரில் அவர் ஒருவர்தான் என்னை என் பாட்டுக்குப் போகச் சொன்னவர்.

அப்பாவும் அன்றைக்கு ஒரு கேள்வி வைத்திருந்தார். “அந்த சுவிட்சத் திரும்ப ஆஃப் பண்ண முடியுங்களாம்மா?”

“சில குறிங்க மாறும்னுதான் நெனக்கிறாங்க. நல்ல தூக்கம், நடை, சாப்பாடு, மாத்திரை, பேச்சு எல்லாம் சேர்ந்து அவளுக்கு உதவும். ஆனா போஸ்ட்ல ஏறி ஃபியூஸ் போட்டுட்டு எறங்கற மாதிரி வேல இல்லீங்க இது. நாளாகும்” என்றார் மருத்துவர்.

அப்பா மறுநாளே விடியற்காலையில் எங்கள் இரண்டு பேரையும் நடக்கக் கிளப்பினார். மலை தெரியும் சாலையில் அவர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால், அக்கா காலை இழுத்துக்கொண்டு நடுவில், நான் கடைசியில். எனக்கு எதற்கு என்றால், “ஒரே வயரிங்தான உனுக்கும்? முன்னெச்சரிக்க” என்பார். அக்காவுக்கு முட்டை என்றால் எனக்கும் முட்டை. அவளுக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் என்றால் எனக்கும் விளக்கு அணைந்துவிடும். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று நான் கெஞ்சியது செல்லுபடியாகவில்லை.

அந்த வருடம் அக்கா முழு ஆண்டுப் பரீட்சை எழுதவில்லை. கோடை விடுமுறையில் சித்தி அவளை மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். அக்காவே சரி என்றதால் எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. மலைக்காற்று பட்டால் எழுந்துவிடுவாள் என்று அத்தைகூடச் சொன்னாள். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். வளைவுகளில் பேருந்து ஏற ஏற எனக்கும் ஆசை வந்ததை மறைக்க மாட்டேன். மேலே போய் இறங்கியதும் அவள் பழைய மாதிரி ஆகிவிடுவாள் என்று நானும் நம்பினேன்.

அவள் சித்தி வீட்டுக்குள் போனதும் செய்த முதல் வேலை, அங்கிருந்த கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான்.

ஒரு வாரம் பொறுத்தேன். சித்தி வேலைக்குப் போய்விடுவாள். ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. வெளியே மரவள்ளிக் கொல்லைகளும் மேகமும் தெரியும். உள்ளே அக்காவின் முதுகு தெரியும். ஒரு நாள் சாயங்காலம் தட்டை எடுக்கக் குனிந்தபோது அடங்காமல் கத்திவிட்டேன். “எனுக்கு ப்ளஸ் டூ ஆரம்பிக்கப் போவுது. டியூஷன வுட்டுட்டு உனுக்குத் தட்டு கழுவிக்கினு இருக்கேன். உன்னால எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்காங்க. என் மூஞ்சிய வெச்சுக்கினு நீ இப்படிப் படுத்துக் கெடக்காத!”

அவள் திரும்பினாள். கோபம்கூட இல்லை. “எனுக்கு மட்டும் உன் மூஞ்சி பிடிச்சிருக்கா?” என்றாள். “நான் கண்ணாடி பாத்தா நீ சிரிச்சிக்கினு நிக்கற மாதிரியே இருக்கு. அதான் தல வார்றதே இல்ல.”

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் சித்தி வேலை முடிந்து வந்ததும், அக்கா அவளிடம் கத்தரிக்கோலைக் கேட்டாள். எதற்கென்று சொன்னதும் சித்தி பயந்துபோய், கத்தரிக்கோலைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு மருத்துவருக்குப் போன் போட்டாள். “முடி வெட்டிக்கணும்னு சொல்றா டாக்டர். கழுத்துக்கு மேல. இது நோயா?” என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. “முடிதானம்மா, வளரும். நீங்களே வெட்டி விடுங்க. மாத்திரை ஒழுங்கா போடறாளா?”

சித்திதான் வெட்டினாள். சிக்கு பிடித்த நீள முடி தரையில் விழுந்தது. கோணலும் மாணலுமாக வெட்டியிருந்தாள். அக்கா சித்தியின் சின்னக் கண்ணாடியை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெந்நீர் வைத்துக்கொண்டு போய்க் குளித்தாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கே எழுந்து ஆடிப்பாடவில்லை. மறுநாளும் படுத்தேதான் இருந்தாள், என்ன, குளித்துவிட்டுப் படுத்திருந்தாள். மாத்திரை வேலை செய்ய இன்னும் சில வாரங்கள் ஆயின. இரண்டாவது மாதத்தில் அக்கா சித்தியோடு தடுப்பூசி முகாமுக்குப் போய்க் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அதற்குள் நான் பள்ளிக்கூடம் திறந்து ஊருக்கு வந்துவிட்டேன். கிராப்புத் தலையோடு அவள் வந்து இறங்கியபோது அம்மா, “பொட்டப் புள்ளைக்கு இன்னா இது?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் ஒன்று நடந்தது. தெருவில் யாரும் எங்களை நிறுத்தி, யார் பெரியவள் என்று கேட்கவில்லை.

அவள் திரும்பவும் பிளஸ் ஒன்னிலிருந்து படித்தாள். என் பழைய புத்தகங்களை வாங்கிக்கொள்ளாமல் புதிது வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒருமுறை நோய் திரும்ப வந்தது. இந்த முறை அவளே கண்டுபிடித்து, அவளே பேருந்து ஏறி மருத்துவரிடம் போனாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். எதனால் வந்தது என்பது மருத்துவர் சொன்ன மாதிரியே இன்னும் யாருக்கும் தெரியாது. அம்மா மட்டும் மலையையோ போஸ்ட்டையோ யாராவது பேச்சில் எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

போன மாதம் எனக்குக் கல்லூரியில் இரண்டு பேப்பர் போய்விட்டது. அதே வாரம் நெருங்கிய தோழி ஒருத்தி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதேன். சாதாரண அழுகை. அம்மா வாசலுக்கும் அறைக்கும் நடக்க ஆரம்பித்தாள். அப்பா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அத்தைக்குப் போன் போயிற்று. சாயங்காலத்துக்குள் மருத்துவரிடம் எனக்கு நேரம்கூடக் கேட்டுவிட்டார்கள்.

கல்லூரியிலிருந்து வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். என் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள்.

“எல்லாரும் வெளிய போங்க.”

“இல்லடி, அவளுக்கும்...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

“அவளுக்கும் இன்னா? ரெண்டு பேப்பர் போச்சு, அழுவறா. அழுவக் கூடவா உங்களக் கேக்கணும்?” என்று சொல்லி, இரண்டு பேரையும் தள்ளாத குறையாக வெளியேற்றிக் கதவைச் சாத்தினாள். பிறகு என் கால்மாட்டில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள்.

“இது அது இல்லன்னு உனுக்கு எப்படித் தெரியும்?” என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டேன்.

“தெரியாது,” என்றாள். “ரெண்டு வாரம் பாப்போம். வுடலன்னா நானே கூட்டிக்கினு போறேன். இப்ப அழுவறதுன்னா அழு, நான் பாட்டுக்கு ரீல்ஸ் பாத்துக்கினு இருக்கேன்.”

அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதாலேயே எனக்கு இன்னும் நன்றாக அழுகை வந்தது. கதவுக்கு வெளியிலிருந்து அம்மா கேட்டாள். “அழறாளாடி?”

“ஆமாம்மா, அழறா. நீ போய் சீரியல் பாரு.”

அம்மாவின் காலடி நகர்ந்தது. டிவி போட்ட சத்தம் கேட்டது. அடுத்த நிமிடமே அவள் அதன் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டாள், எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு.